96,99,691-ஐ வகுத்தவர்கள்

20 ஜனவரி 1974, ஞாயிறு

இந்த நோட்டை வாங்கியது உலகம்மாளுக்காக. எத்தனை மாத்திரை, எத்தனை தம்ளர் தண்ணீர், கால் வீக்கம் கூடியதா குறைந்ததா என்று தினமும் எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். ஆனால் இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவளை மாத்திரைக் கணக்காக மட்டும் எழுத எனக்குக் கை வரவில்லை. ஆகவே மற்றதையும் இதிலேயே எழுதப் போகிறேன்.

மாத்திரை மூன்று வேளை. தண்ணீர் ஐந்து தம்ளர். வீக்கம் அப்படியே. இருதய வால்வு சுருங்கிவிட்டதாம். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாலு தலையணையை அடுக்கிச் சாய்ந்தே இருக்கிறாள். மெட்ராசுக்குக் கொண்டுபோய் ஆப்பரேஷன் செய்யலாமா என்று கேட்டேன். "இந்த நிலைமையில ரயில்ல ஏத்தவே கூடாது சார்" என்றார் டாக்டர்.

மத்தியானம் பாளையங்கோட்டையிலிருந்து சவரிமுத்து வந்தார். அவரும் என்னைப்போல் கணக்கு வாத்தியார்தான். என்னைவிட நாலு வயது மூத்தவர். பை நிறைய நோட்டுகள் கொண்டுவந்திருந்தார். "வே பால்வண்ணம், இந்த தடவ சின்னக் கணக்கு இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பையே கழற்றினார்.

அவருக்கு வெகுகாலமாக ஒரு கிறுக்கு. பகா எண்களை, அதாவது ஒன்றுக்கும் தனக்கும் தவிர வேறெதற்கும் பிடிகொடுக்காத எண்களை, முதலிலிருந்து வரிசையாகப் பெருக்கி ஒன்று கூட்டுவது. 2 × 3 + 1 ஏழு, பகா எண். அடுத்தது 31, பிறகு 211, பிறகு 2311, எல்லாம் பகா எண்கள். 13-ஐச் சேர்த்ததும் 30,031. அது 59 × 509 என்று உடைந்துபோகும். 17-ஐச் சேர்த்தால் வருவதும் உடைந்துபோகும். 19-ஐயும் சேர்த்தால் 96,99,691. இது உடையாது என்கிறார். கேட்டால் காரணம் கிடையாது. "மனசு சொல்லுது வே" என்கிறார். முப்பத்தோரு வருஷம் பையன்களின் தேற்றத்தில் காரணம் எங்கே, காரணம் எங்கே என்று சிவப்பு மையால் கிழித்த மனுஷன்.

இதன் வர்க்கமூலம் 3114 சொச்சம். அதற்குள் இருக்கும் பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். முதல் எட்டும் கட்டாயம் மீதி ஒன்று கொடுக்கும், அவற்றை விட்டுவிடலாம். மிச்சம் 435. தபாலாபீஸ் ஆதிநாராயணனையும் சேர்த்து மூன்று பேர், ஆளுக்கு 145. என் பங்கு 23-இலிருந்து 883 வரை. ஒவ்வொரு வகுத்தலுக்கும் வகுத்தி, மீதி, தேதி, ஆரம்பித்த நேரம் எல்லாம் எழுத வேண்டும் என்பது அவர் சட்டம்.

"நேரம் எதுக்குவே?" என்றேன்.

"களைச்சுப் போயி போட்ட கணக்கு எதுன்னு தெரியணும்லா. கடைசியில நோட்ட மாத்திக்கிட்டு ஒருத்தருக்கொருத்தர் சரிபாக்கணும்."

உலகம்மாள் தலையணையிலிருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணாச்சி, இது தெரிஞ்சா அரிசி விலை குறையுமா?" என்றாள். சவரிமுத்து சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

23 ஜனவரி, புதன்

மாத்திரை மூன்று. தண்ணீர் ஐந்து. 23: மீதி 16. 29: மீதி 3. 31: மீதி 8. 37: மீதி 30.

உப்பில்லாத கஞ்சியை அவள் முகம் சுளிக்காமல் குடிக்கிறாள். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். சத்தியமாக வாயில் வைக்க வழங்கவில்லை.

29 ஜனவரி, செவ்வாய்

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளுக்குக் காலைப் பிடித்துவிட்டேன். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறது. அப்போது அவள்தான் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஒன்று கூட்டுவதற்கு முன்னால் உள்ள எண் 96,99,690. "அந்தக் கடைசி முட்டைய எடுத்துட்டுப் பாருங்க. முன்னால இருந்து வாசிச்சாலும் பின்னால இருந்து வாசிச்சாலும் ஒண்ணுபோல இருக்கு, விகடகவி மாதிரி." பார்த்தேன். 969969. வாஸ்தவம். மூன்று வாத்தியார் மூளையும் இதைப் பார்க்கவில்லை. அப்புறம் அந்த எண்ணுக்கு 256 வகுத்திகள் உண்டு என்று விளக்கினேன். ஒன்றே ஒன்று கூட்டிவிட்டால், சவரிமுத்து சொல்வது சரியானால், வெறும் இரண்டுதான்.

"ஒண்ணக் கூட்டினதுக்கே இருந்த சொந்தமெல்லாம் போயிருச்சா? அய்யோ பாவம்" என்றாள்.

தண்ணீர் நாலு தம்ளர். இன்று 89 வரை முடித்தேன். மீதி 26.

3 பிப்ரவரி, ஞாயிறு

மகள் ஆவுடை ஹாஸ்டலிலிருந்து வந்தாள். பாளையங்கோட்டையில் வாத்தியார் பயிற்சி படிக்கிறாள், பத்தொன்பது வயது. அம்மாவுக்குத் தலை வாரி, ஈரத்துணியால் உடம்பு துடைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் மேசையில் இருந்தேன். சாயங்காலம் பஸ் ஏறும்போது சொன்னாள்: "அப்பா, நீங்க அந்த நோட்டயே பாத்துக்கிட்டு இருக்கீங்க. அம்மா உங்களயே பாத்துக்கிட்டு இருக்கா." எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மூச்சுக்கு ஏங்குகிற ஒருத்தியை வெறுமனே பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் இருக்க முடியும்? இவளுக்கு என்ன தெரியும்? ஒரு நாள் வந்துவிட்டுப் போகிறவள்.

வகுத்தல் ஏழு போட்டேன்.

9 பிப்ரவரி, சனி

மண்ணெண்ணெய்க்கு இரண்டு மணி நேரம் வரிசை. டாக்டர் வந்து போனார். வாசலில் வைத்து, "கூடவே இருங்க சார்" என்றார்.

கூடவேதான் இருக்கிறேன். மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாலடி கூட இல்லை.

14 பிப்ரவரி, வியாழன்

மாத்திரை மூன்று. தண்ணீர் மூன்று. நகம் நீலம் பாரித்திருக்கிறது. 293 வரை.

17 பிப்ரவரி, ஞாயிறு

மாத்திரை இரண்டு வேளை. தண்ணீர் இரண்டு தம்ளர்.

மாலை நாலேகால் வாக்கில் உலகம்மாள் போய்விட்டாள்.

20 பிப்ரவரி, புதன்

வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நேற்று ஆவுடை எல்லார் முன்னாலும் கேட்டாள்: "அப்பா, அம்மா கடைசியா என்ன சொன்னா?"

"தண்ணி கேட்டா. எந்திரிச்சுப் போயி குடுத்தேன். அப்படியே என் மடியில சாஞ்சா" என்றேன்.

ஆவுடை அதைக் கேட்டபிறகுதான் வாய்விட்டு அழுதாள். அதுவரை மரம்போல் உட்கார்ந்திருந்தவள். உலகம்மாளின் மதினி மூக்கைச் சிந்திக்கொண்டே, "புண்ணியவதி, புருசன் மடியில போயிட்டா. யாருக்குக் குடுத்து வைக்கும்?" என்றாள். அதற்கப்புறம் துட்டி கேட்க வந்தவர்களுக்கெல்லாம் ஆவுடையே அதைச் சொல்கிறாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வருவது தெரிகிறது. நான் கொல்லைப்புறம் போய்விடுகிறேன்.

5 மார்ச், செவ்வாய்

நேற்றுப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்தது. ஆவுடை ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். கட்டிலை மடக்கிச் சுவரோடு சாத்தினேன். நாலு தலையணையை வெயிலில் காய வைத்தேன். பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வகுத்தல் நோட்டில் தண்ணீர் பட்டுப் பக்கங்கள் ஊறிப்போயிருக்கின்றன. ஆகவே புது நோட்டில் எல்லாவற்றையும் பிரதி எடுக்கிறேன். 347: மீதி 138. அதுவரை 61 ஆகிறது. பாக்கி 84.

6 மார்ச், புதன்

349: மீதி 283. 353: மீதி 310.

12 மார்ச், செவ்வாய்

பள்ளிக்கூடம் போகிறேன், வருகிறேன், வகுக்கிறேன். சோற்றை வடித்து ரசத்தை ஊற்றித் தின்கிறேன். உப்பு போட்டுத்தான். இந்த எண்பத்துநாலும் வெட்டி வேலை. ஆனாலும் ஒன்றுகூட விடாமல் ஒழுங்காகப் போடுகிறேன். ஏன் என்று கேட்க ஆளில்லை.

17 மார்ச், ஞாயிறு

சவரிமுத்து வந்தார். ஆதிநாராயணனும் அவரும் தங்கள் நோட்டுகளை மாற்றிச் சரிபார்த்துவிட்டார்களாம். எதிலும் பூஜ்யம் இல்லை. என் நோட்டை நீட்டினேன். பிரித்தார். 883 வரை இருக்கிறதா என்று கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார். மூடிவிட்டார்.

"சரிபாக்கலயா?" என்றேன்.

"போரும்வே. அந்தத் துக்கத்துலயும் உக்காந்து முடிச்சிருக்கீரு. அதப் போயி நான் சிவப்புப் பேனாவ வச்சிக்கிட்டுச் சரிபாத்தேன்னா நான் மனுசனா?"

"சட்டம்னா சட்டம்தானே. பாரும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சட்டமும் வேண்டாம் கிட்டமும் வேண்டாம்" என்று நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு சின்னப்பையன்போல் எழுந்து நின்று கையைத் தட்டினார். "உடையல பாத்தீரா! நான் சொன்னேம்லா!" 96,99,691 பகா எண் என்று கட்டுரை எழுதப் போகிறாராம். நாலால் வகுத்தால் மீதி மூன்று, ஆகவே எந்த இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவும் அதை எழுத முடியாது. இலக்கங்களைக் கூட்டினால் 49, அதுவே ஏழின் வர்க்கம். இப்படி அதன் குணங்களையெல்லாம் தொகுத்து வைத்திருக்கிறார், பெண்ணுக்கு வரன் பார்க்கிறவர் ஜாதகம் வைத்திருக்கிற மாதிரி. அந்த 969969 விஷயத்தை "திருமதி உலகம்மாள் கண்டது" என்று பெயர் போட்டே எழுதுவாராம்.

தலை வலிக்கிறது என்று சொல்லி அவரைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன்.

24 மார்ச், ஞாயிறு

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. இதில்கூடப் பொய் எழுதினால் நான் உண்மையை எங்கே வைப்பேன்? எழுதிவிடுகிறேன்.

அன்று சாப்பாட்டுக்கு அப்புறம் அவள் கண்ணயர்ந்தாள். நான் மேசையில் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். 331: மீதி 67. 337: மீதி 157. நாலு பத்துக்கு 347-ஐ எடுத்தேன். அவள் "இங்க பாருங்க" என்றாள். "இந்தா, ஒண்ணே ஒண்ணு" என்றேன். கொஞ்சம் கழித்து "என்னங்க" என்றாள். திரும்பாமல் கையைப் பின்னால் ஆட்டினேன், வகுப்பில் பேசுகிற பையனை அடக்குகிற மாதிரி. 1839-இல் ஐந்து தடவை போகும், மீதி 104. ஒன்றை இறக்கினால் 1041. மூன்று தடவை. 1041.

பூஜ்யம்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதை மறைக்க மாட்டேன். அந்த நிமிஷம் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். தப்பாக இருக்கக்கூடாதே என்று 27,953-ஐ 347-ஆல் பெருக்கிப் பார்த்தேன். சரியாக வந்தது. சவரிமுத்துவின் மனசு சொன்னது பொய், எண் உடைந்தது, உடைத்தது நான். "உலகு, கெடச்சிட்டு!" என்று கத்திக்கொண்டே திரும்பினேன்.

தலை தலையணையிலிருந்து சரிந்து கட்டில் சட்டத்தில் கிடந்தது. கை செம்பை நோக்கி நீண்டிருந்தது. செம்பு கவிழ்ந்து தண்ணீர் மேசைக்கால் வரை ஓடிவந்திருந்தது. அது என் பாதத்தை நனைத்ததைக்கூட நான் உணரவில்லை. குனிந்து அவளைத் தூக்கும்போது நோட்டைத் தட்டிவிட்டேன். அது தண்ணீரில் விழுந்தது.

எண் பகு எண்தான். வகுத்திகள் நாலு: 1, 347, 27,953, பிறகு அதுவே. முதல் மூன்றையும் கூட்டினால் 28,301. தன்னைவிட எவ்வளவோ குறைவு, ஆகவே அது குறை எண். எல்லாம் எனக்குத் தெரியும். பழைய நோட்டில் 347-க்கு நேராகப் பூஜ்யமும் 17-2-74, 4.10 என்ற நேரமும் இருக்கின்றன. அந்தத் தாளை மட்டும் கிழித்து வைத்திருக்கிறேன், எரிக்க முடியவில்லை. அதைக் காட்டினால் நாலு பத்துக்கு நான் எங்கே இருந்தேன் என்று ஆவுடைக்குத் தெரிந்துவிடும். மடியும் இல்லை, தண்ணீரும் இல்லை என்று தெரிந்துவிடும். பிரதி எடுத்த நோட்டில் அன்றைய மூன்றையும் முந்தின நாள் தேதிக்கு மாற்றி எழுதினேன். பூஜ்யத்தை 138 ஆக்கினேன். பூஜ்யத்தை அப்படியே எழுதித் தேதியை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆனால் அந்தப் பூஜ்யத்துக்காக ஒருத்தன் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்குவதை என்னால் தாங்க முடியாது என்று நினைத்தேன்.

7 ஏப்ரல், ஞாயிறு

சவரிமுத்துவிடமிருந்து கார்டு. மெட்ராசில் கணக்கு வாத்தியார்களின் மாநாட்டில் இருபதாம் தேதி கட்டுரை படிக்கப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்களாம். புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாராம். "இத்தனை வருஷத்தில் நானாக ஒன்றைச் சொல்லப் போவது இதுதான் முதல் தடவை" என்று எழுதியிருக்கிறார். பதில் எழுத மூன்று கார்டு வாங்கி மூன்றையும் கிழித்தேன்.

18 ஏப்ரல், வியாழன்

திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனேன், அவரை வழியனுப்ப. வழியனுப்பவா? தடுக்கத்தான் போனேன். தாள் சட்டைப் பையில் இருந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, "வாரும்வே, உம்ம நோட்டயும் எடுத்துக்கிட்டேன், யாராவது கேட்டா காட்டணும்லா" என்றார். அவர் மனைவி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றில் எனக்கு ஒரு உருண்டை கொடுத்தார். வாயில் சோறு இருக்கும்போது எப்படிப் பேசுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விசில் ஊதிவிட்டான். வண்டி போய்விட்டது.

என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

22 ஏப்ரல், திங்கள்

ரயிலைவிட்டு இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே பஸ் பிடித்து இங்கே வந்துவிட்டார். புதுச் சட்டை கசங்கியிருந்தது. ஆவுடை விடுமுறைக்கு வந்திருக்கிறாள். அவள் காப்பி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனபிறகு சொன்னார்.

"பன்னெண்டு நிமிஷம் பேசினேன் வே. முன் வரிசையில ஒரு பேராசிரியர், சின்ன வயசுதான். லைப்ரரியில ஒரு கோடி வரைக்கும் காரணி போட்ட அட்டவணை ஒண்ணு இருக்கு, பாத்துட்டு வாரேன் சார்னு எந்திரிச்சுப் போனாரு. அப்படி ஒண்ணு இருக்கதே நமக்குத் தெரியாதே வே! வந்து மெதுவா, 'முந்நூத்தி நாப்பத்தேழு சார்' அப்படின்னாரு. ஒருத்தரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாலும் தேவல. தலைவரு, டீ குடிக்கப் போவோம்னுட்டாரு."

நான் காப்பித் தம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"இது யாரு பங்குன்னு கேட்டாங்க. என் பங்குன்னேன்."

"எதுக்குவே அப்படிச் சொன்னீரு?"

"பின்ன? பொண்டாட்டியப் பறிகுடுத்த மனுசன் தலையில இதயும் வைக்கச் சொல்லுதீரா? துக்கத்துல ஒரு மீதி தப்பாப் போறது பெரிய விசயமா? நான் சரிபாத்திருக்கணும். தப்பு எம்மேலதான்." கணக்கு வாத்தியார்கள் சங்கத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாராம். காப்பியைக் குடிக்காமலேயே போய்விட்டார்.

23 ஏப்ரல், செவ்வாய்

காலை முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டை போனேன். சவரிமுத்து வாசலில் உட்கார்ந்து வெறுமனே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன்.

பூஜ்யத்தைப் பார்த்தார். அவருடைய காது சிவந்தது. "தெரிஞ்சா எழுதினீரு?"

"ஆமா."

"தப்பாப் போட்டா அது தப்பு. தெரிஞ்சே போட்டா அதுக்குப் பேரு என்னவே? எத்தன பேரு முன்னால நின்னேன் தெரியுமா? ஸ்டேஷனுக்கு வந்து எஞ்சோத்தத் தின்னுட்டு நின்னீரே, அப்பவும் தெரியும்லா உமக்கு?"

"தெரியும்" என்றேன்.

எழுந்து உள்ளே போகப் போனவர், தாளை மறுபடி பார்த்தார். தேதியைப் படித்தார். நேரத்தைப் படித்தார். அவர் உதடு அசைந்தது. பிறகு மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது."

"அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தீரு? நான் என்ன பாதிரியாரா, பாவசங்கீர்த்தனம் கேக்க?" தாளை என் கையில் திணித்தார். "எனக்குப் போன மானம் போனதுதான். போம்வே. போயி அவகிட்ட சொல்லும். சொல்லாம என் வாசப்படி ஏறாதேயும்."

வீடு வந்து சேர்ந்தபோது ஆவுடை பக்கத்து வீட்டுக்காரியிடம் அம்மாவைப்பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். இன்று சொல்லவில்லை.

24 ஏப்ரல், புதன்

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி. கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, ஒன்றையும் விடாமல், கையைப் பின்னால் ஆட்டியதுவரை சொன்னேன். "உனக்கு ஒரு ஆறுதலா இருக்கட்டும்னு சொன்னேன்" என்று ஆரம்பித்து, அதுவும் பொய் என்பதால், "எனக்குப் பயமா இருந்துது, அதான் அப்படிச் சொன்னேன்" என்று திருத்திக்கொண்டேன். அவள் அழவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

"எத்தன தடவ கூப்பிட்டா?"

"ரெண்டு தடவ காதுல விழுந்துது. அதுக்கு மேல கூப்பிட்டாளான்னு தெரியாது ஆவுடை."

தாளைக் கேட்டாள். கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் போய், நான் அன்று உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எண்ணை எழுதி வகுக்க ஆரம்பித்தாள். என்ன செய்கிறாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. அவள் அவசரப்படவில்லை. 969-இல் இரண்டு. 2759-இல் ஏழு. ஒரு இடத்தில் அடித்துத் திருத்தினாள். பூஜ்யம் வந்தது.

"அப்புறம்?" என்றாள் என்னைப் பார்க்காமல்.

"பெருக்கிப் பாத்தேன்."

பெருக்கினாள். மூன்று வரிசையையும் கூட்டி, வந்த விடையை இலக்கம் இலக்கமாக ஒத்துப் பார்த்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம்தான் திரும்பினேன்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "ஏழு நிமிஷம்ப்பா" என்றாள். குரல் அப்போதுதான் உடைந்தது. பென்சிலைத் தாளின்மேல் வைத்துவிட்டு, "நான் மெதுவாத்தான் போட்டேன். நீங்க வெரசாப் போட்டிருப்பீங்க" என்றாள்.

"இல்ல ஆவுடை" என்றேன். "தப்பு வந்துரக் கூடாதுன்னு நானும் மெதுவாத்தான் போட்டேன்."